மூக்கி வளர்த்த மனோரஞ்சிதம்

சிலிண்டர்காரரோடு போய்விட்டாள் என்று யார் சொன்னது? மாடிவீட்டுக்காரி சொன்னாளா? அவள் வாயிலிருந்து எது நேராக வந்திருக்கிறது? சிலிண்டர்காரரின் வண்டியில் ஏறிப் போனாள், அது உண்மை. நானே என் கண்ணால் பார்த்தேன். வண்டியில் போவதும் வண்டிக்காரரோடு போவதும் ஒன்றா? அப்படிக் கணக்குப் போட்டால் நான் இந்த ஊரில் எத்தனை பேருந்து ஓட்டுநர்களோடு போயிருக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கேட்டிருக்கவேண்டும். ஆம்பிளைகளைத் தோட்டத்துக்குள் கூப்பிட்டாள் என்பதும் உண்மைதான். கூப்பிட்டாள். தபால்காரரைக் கூப்பிட்டாள், மீட்டர் பார்க்க வந்தவரைக் கூப்பிட்டாள், வழி கேட்க நின்றவரைக்கூட விடவில்லை. எதற்குக் கூப்பிட்டாள் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? நான் மதிலுக்கு இந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தவள். நான் சொல்கிறேன், எழுதிக்கொள். நடுவில் அடித்துத் திருத்தாதே.

மூக்கி என்பது அவள் பெயர் இல்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் வைத்த பெயர். மூக்கு பெரிதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக வைத்த பெயர் இல்லை அது. காலையில் குடையை மடக்கிக்கொண்டு கேன்டீன் வாசலில் நிற்பாள். உள்ளே இன்னும் கால் வைத்திருக்க மாட்டாள். அங்கிருந்தே குரல் கொடுப்பாள்: "ரெண்டாவது அடுப்புல வெங்காயம் கருகப்போவுது, இறக்கு. அந்த எண்ணெயை நேத்தே கொட்டச் சொன்னேன், யாரு மறுபடி ஊத்தினது?" எண்ணெயை ஊற்றினவன் முகம் தொங்கிப்போகும். வார்டுகளுக்குப் போகிற பாலை அவள் முகர்ந்து பார்க்காமல் யாரும் வெளியே எடுக்கக்கூடாது. கரண்டி எடுத்து ருசி பார்க்கிற வழக்கமே அவளிடம் இல்லை. ஆவி மேலே எழும்பும்போது தலையைக் கொஞ்சம் குனிவாள், அவ்வளவுதான், உப்பைக் கையில் எடுத்துவிடுவாள்.

அவளுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரு தம்பி. எங்கள் பக்கத்து வீடு. தையல்காரன். முன்னறையில் மிஷின், நடு அறையில் குடும்பம், பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் ஒரு துண்டு மண். தம்பி பெண்டாட்டி நல்ல பெண். பயந்த சுபாவம்; யார் எது சொன்னாலும் அது தன்னைத்தான் சொன்னது என்று நினைத்துக்கொள்வாள். கையில் ஒரு பெண் குழந்தை.

மூக்கிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். வந்தது, படுத்தது, போனது. போகும்போது மூக்கையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மூக்கு இருந்த இடத்தில் இருந்தது, வாசம்தான் போயிற்று. அவளுக்கே முதலில் தெரியவில்லை. மதில் மேல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அக்கா, ஊரையே யாரோ கழுவிக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு. சாக்கடைகூட சுத்தமா இருக்கு." சாக்கடை என்றைக்கும் போல நாறிக்கொண்டுதான் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள். ஓடிப்போய் தரை கழுவுகிற மருந்து பாட்டிலைத் திறந்து மூக்கருகில் வைத்தாள். தண்ணீர் மாதிரி இருக்கிறதாம்.

கேன்டீனில் மூச்சுவிடவில்லை. கைப்பழக்கத்தில் ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். ஓட்டினாள், கொஞ்ச நாள். ஒரு காலை, திரியத் தொடங்கியிருந்த பால் வார்டுக்குப் போய்விட்டது. நல்லவேளை, குடிக்கிறதுக்கு முன்னால் ஒரு நர்ஸ் பார்த்துவிட்டாள். மேற்பார்வையாளர் கூப்பிட்டு, "பாத்திரம் கழுவுற பக்கம் போங்க, மூக்கு சரியானதும் அடுப்புக்கு வாங்க" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் இவளுக்கு ரோஷம். "கழுவுறதுக்கு என் கை வேண்டாம், கை இருக்கிற எல்லாரும் கழுவுவாங்க" என்று சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டிலாவது சமைக்கலாம் என்று இருந்தாள். அதற்கும் வினை வந்தது. அடுப்பில் தண்ணீர் பொங்கி நெருப்பு அணைந்துபோயிருக்கிறது. கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. இவள் பக்கத்திலேயே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். தம்பி பெண்டாட்டி குழந்தையோடு உள்ளே வந்தவள் அலறிய அலறல் எங்கள் வீட்டுக்கே கேட்டது. "அண்ணி! நாறுதே! உங்களுக்குத் தெரியலையா? ஐயோ, குழந்தை!" ஜன்னலைத் திறந்து, குழாயை மூடி, எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றோம். மூக்கியின் கையில் இன்னும் கீரைக்கட்டு இருந்தது. தம்பி அன்றைக்கே சொல்லிவிட்டான்: "அக்கா, இனி நீ அடுப்புப் பக்கம் போகாதே. எனக்கு காஜா எடுத்துக் குடு, பட்டன் தைச்சுக் குடு. உட்கார்ந்து சாப்பிடு." பாசத்தில் சொன்னதுதான். ஆனால் ஒரு சமையல்காரியிடம் உட்கார்ந்து சாப்பிடு என்று சொல்வதைவிட வேறு எப்படி வைவது?

அவள் காஜா எடுத்தாள். சட்டை சட்டையாகப் பட்டன் ஓட்டைக்கு விளிம்பு தைத்தாள். தலை நிமிரவில்லை. அவளுக்குச் சமைக்கவேண்டும், அதற்கு மூக்கு வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கு டாக்டரிடம் போனாள். "தினமும் வாசமான பொருளை முகர்ந்து பாருங்க. முகரும்போது அந்த வாசத்தை மனசுல நினைங்க. வரலாம், வராமலும் போகலாம்" என்றாராம். திரும்பி வருகிற வழியில் ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் ஒரு கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். மனோரஞ்சிதம். எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு முகர்கிறோமோ அந்தப் பழ வாசம் வரும் என்று சொல்வார்களே, அந்தக் கொடி. மூக்கி அங்கேயே நின்றுவிட்டாள். என்னிடம் வந்து மூச்சு வாங்கச் சொன்னாள்:

"அக்கா, டாக்டரும் நினைங்கன்றார். இந்தப் பூவும் நினைச்சாத்தான் வாசமாம். நினைக்கிறதுல எனக்கு என்ன குறை? மூக்குதானே போச்சு, நினைப்பு போகலையே!"

"பைத்தியமாடி உனக்கு?" என்றேன்.

"இருக்கட்டும். வெச்சுப் பார்ப்போமே."

அப்படித்தான் அந்தக் கொடி வந்தது. தோட்டக்காரர் ஒரு கிளையைத் தரைக்கு வளைத்து மண்ணில் புதைத்து, வேர்விட்டதும் வெட்டிக் கொடுத்த பதியன். சமையலறைக்குப் பின்னால், துவைக்கிற கல்லின் தண்ணீர் ஓடி வடிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "சோப்புத் தண்ணி ஆகாது, ஆனா ஈரம் வேணும், பாதி வெயில் போதும்" என்று தோட்டக்காரர் சொன்னதைப் பாடம் மாதிரி ஒப்பித்துக்கொண்டே குழி தோண்டினாள். மக்கின இலையும் பழைய சாணமும் போட்டாள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாள். என் வீட்டு டீத்தூள் சக்கையைக்கூட மதில் வழியாக வாங்கிக்கொள்வாள்.

அந்தக் கொடிக்கு இருந்த சோம்பேறித்தனம் நான் எந்த மனுஷனிடமும் பார்த்ததில்லை. முதல் வருஷம் அசையவே இல்லை. இருந்த இலையில் பாதியைக் கொட்டிவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு நின்றது. செத்துவிட்டது, பிடுங்கிப் போடு என்றேன். அவள் நகத்தால் தண்டைக் கொஞ்சம் கீறிப் பார்த்து, "பச்சை இருக்கு" என்றாள். அடுத்த வருஷம் ஒரு தளிர் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. தம்பி மதிலிலிருந்து சமையலறைக் கூரைவரைக்கும் கம்பி கட்டிக் கொடுத்தான். பளபளவென்று இலை. காலையில் பார்த்ததுக்கும் மாலையில் பார்த்ததுக்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி ஏறிற்று. மனோரஞ்சிதம் வைத்தால் பாம்பு வரும் என்றாள் மாடிவீட்டுக்காரி. வந்தது அவள் மட்டும்தான்.

பூத்தபோது ஒரு வேடிக்கை. அந்தப் பூ இலை நிறத்திலேயே இருக்கும். இலைக்கு நடுவில் இலை மாதிரியே தொங்கும். பச்சையாக இருக்கும்வரை அதில் வாசமும் கிடையாது. மஞ்சளாகத் திரும்பும்போதுதான் வாசம் கிளம்பும். மற்றவர்கள் மூக்கை வைத்துத்தான் அதைத் தேடுவார்கள். இவளிடம்தான் மூக்கு இல்லையே! கொடிக்கு முன்னால் நின்று இலை இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் துணியை உதறிக்கொண்டிருந்தவள், குப்பென்று வாசம் வர, "பூத்துட்டுதுடி!" என்று கத்தினேன். "எங்கே, எங்கே?" என்கிறாள். மதில் மேல் எட்டி நான் மோப்பம் பிடிக்க, "இடது பக்கம், கீழே, இன்னும் கீழே" என்று சொல்லச் சொல்ல அவள் கையை நுழைத்து எடுத்தாள். முகர்ந்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"முதல் நாளே வருமா" என்றேன்.

தினமும் முகர்ந்தாள். மாம்பழத்தை மட்டும் நினைக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டாள். ஒன்றையே விடாமல் நினைத்தால்தான் வழி திறக்குமாம், அவளே கண்டுபிடித்த சட்டம். ஒரு நாள் காலை தோட்டத்தில் கூப்பாடு. "வந்துடுச்சு! அக்கா, வந்துடுச்சு! மாம்பழம்!" நான் ஈரக் கையோடு ஓடினேன். தம்பி பெண்டாட்டி அழுதேவிட்டாள். தம்பி மட்டும் சந்தேகப்பட்டான். தையல்காரன் இல்லையா, இரண்டு தடவை அளக்காமல் துணியை வெட்டமாட்டான். அக்காவை மிஷின் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வெட்டுத்துணியால் கண்ணைக் கட்டினான். பூவை மூக்கருகில் வைத்தான்.

"என்ன வாசம்?"

"மாம்பழம்டா!"

"இப்போ?"

"மாம்பழம்தான். இன்னும் நல்லா வருது. பழுத்தது, காம்புகிட்ட பால் காஞ்சது."

தம்பி கட்டை அவிழ்த்தான். அவன் கையில் இருந்தது நூல்கண்டு. பூ மேஜைமேல் கிடந்தது.

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது; ஏன்தான் சோதித்தோம் என்று ஆகிவிட்டது அவனுக்கு. அழப்போகிறாள் என்று நான் பக்கத்தில் போனேன். அவள் அழவில்லை. நூல்கண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு கேட்டாள் பார், அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

"அப்போ, அந்த மாம்பழம் எங்கேர்ந்துடா வந்துச்சு?"

டாக்டருக்கே தெரியுமோ என்னவோ. ஆனால் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அவளுக்கு. தனக்கு மட்டும்தான் இப்படியா, ஊருக்கே இப்படித்தானா என்று பார்த்துவிடவேண்டும். அதற்குத்தான் ஆட்களைக் கூப்பிட்டாள். இதைத்தான் நீங்கள் எல்லாரும் வேறு மாதிரி பேசினீர்கள்.

அவள் செய்த குறும்பைக் கேள். மஞ்சள் பூவைக் கொடுக்கமாட்டாள். வாசமே இல்லாத பச்சைப் பூவைக் கையில் கொடுத்து, "மனோரஞ்சிதம். உங்களுக்கு என்ன பழம் வருது, சொல்லுங்க" என்பாள். தபால்காரர் பையைத் தோளில் போட்டபடியே முகர்ந்து, "அடடா, பலாப்பழம்" என்றார். கணக்கு டீச்சர், "ஆப்பிள். சந்தேகமே இல்லை" என்றார். மீட்டர்காரர் நெடுநேரம் யோசித்து, "எங்க ஊர்ல ஒரு பழம் உண்டு, பேர் ஞாபகம் வரலை, அதேதான்" என்றார். மாடிவீட்டுக்காரியையும் விடவில்லை. அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இது வெளிநாட்டுப் பழம், சொன்னா உனக்குத் தெரியாது" என்றாள். மூக்கி எல்லாரிடமும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, மதிலுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என்னிடமும் கொடுத்துப் பார்த்தாள். கொய்யா என்றேன். "அது பச்சைப் பூ அக்கா, வாசமே கிடையாது" என்கிறாள். நான் சொன்னது கொய்யா. அது கொய்யாதான். இன்றைக்குக் கேட்டாலும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

"பார்த்தியா அக்கா? மூக்கு இருக்கிறவங்களும் முகர்றதில்லை. நினைச்சுட்டுப் போயிடுறாங்க" என்றாள். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல். ஆனால் சமையல்காரி இல்லையா, அடுத்த நிமிஷமே முகம் வாடிவிட்டது. "அப்போ யார் மூக்கை நம்பிச் சமைக்கிறது?"

சிலிண்டர்காரர் வந்தது இந்தச் சமயத்தில்தான். தலையில் சும்மாடு, தோளில் சிலிண்டர், வியர்வையில் ஊறின காக்கிச்சட்டை. சிலிண்டரை மாட்டிவிட்டு, சோப்பு நுரையை எடுத்து அதன் வாய்ப்பக்கம் தடவினார். நுரை கொப்பளித்தால் கசிவு.

"ஏன், மூக்கால பார்க்கமாட்டீங்களா?" என்று கேட்டாள் மூக்கி.

"நாள் முழுக்க இதே நாத்தம்க்கா. மூக்கு பழகிப்போய் எப்பவோ ராஜினாமா பண்ணிடுச்சு. சோப்பு ஏமாத்தாது."

அவளுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் பச்சைப் பூவைக் கொடுத்தாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "நீங்க எந்தப் பழம்னு சொல்றீங்களோ, அந்தப் பழம்க்கா" என்றார். மூக்கி சிரித்தாள். அவரும் சிரித்தார். "நான் இதுக்குச் சரிப்படமாட்டேன். எங்க அக்காகிட்ட குடுங்க. சொர்க்கத்துக்கே கூட்டிட்டுப் போனாலும் வாசல்ல நின்னு, இங்கே எதுவோ ஊசிப்போயிருக்குன்னு சொல்லுவா." அந்த அக்கா, வீடு கட்டுகிற ஆட்கள் தங்கியிருக்கும் ஒரு பெரிய கொட்டகையில் சமையல் பார்க்கிறாளாம். "மூக்கு அப்படி. ஆனா கைதான்... அவ சோத்தைத் தின்னுட்டுப் பாதிப் பேர் சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டாங்க."

அடுத்த தடவை வரும்போது வண்டியில் அவளையும் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அவள் குரல் கேட்டது. அந்தத் தொண்டைக்கு நான் வைத்த பெயர் வெண்கலம். கட்டை குட்டையாக, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். மூக்கி பச்சைப் பூவை நீட்டினாள். வெண்கலம் முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"இதுல என்ன இருக்கு? பச்சைத் தழை வாசம். பூவைக் குடுன்னா தழையைக் குடுக்கிறே."

மூக்கி அந்தப் பச்சைப் பூவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒரு மஞ்சள் பூவை அவளையே தேடி எடுக்கச் சொன்னாள். வெண்கலம் மூன்றடி நடந்து, இலைக்குள் கையை விட்டு, ஒன்றைப் பறித்தாள்.

"இது என்ன பழம் வருது?"

"நினைச்ச பழம் வரும்னு சொல்லுவாங்க. நானும் மாம்பழம்னு நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன், வரமாட்டேங்குது. கனிஞ்சுபோன வாழைப்பழம். அதோட கொஞ்சம் அன்னாசி. அவ்வளவுதான். இதுல நினைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

மூக்கி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மாப்பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசினார்கள். என்னென்ன தப்பு செய்கிறாள் என்று மூக்கி கேட்க, வெண்கலம் ஒளிக்காமல் சொன்னாள். வெங்காயத்தை எப்போது இறக்குவது என்று தெரியாதாம், உப்பு அளவு கையில் நிற்காதாம். "கருகுதுன்னு எனக்குத் தெரியும். கருகாம இருக்க என்ன பண்றதுன்னுதான் தெரியாது. நீ வந்துடேன்" என்றாள்.

"மூக்கு வரட்டும், வரேன்."

"வரலைன்னா?"

மூக்கி கொடியைப் பார்த்தாள்.

வண்டி வாசலில் நெடுநேரம் நின்றதை மாடியிலிருந்து பார்த்தவள் சும்மா இருப்பாளா? "சிலிண்டர் மாத்த இவ்வளவு நேரமா? அந்த வாசத்துக்கே ஆம்பிளைங்க வந்துடுறாங்க" என்று தம்பி பெண்டாட்டியிடம் ஏற்றிவிட்டாள். அந்தப் பெண் பயந்தவள் என்று சொன்னேனே. பூ இருந்தால்தானே கூப்பிடுவாள் என்று அவளுக்கு ஒரு யோசனை. மூக்கி கடைக்குப் போயிருந்த நேரத்தில் கூடையை எடுத்துக்கொண்டு போய், மஞ்சள், பச்சை, மொட்டு என்று ஒன்று விடாமல் பறித்துவிட்டாள். அதுவும் எப்படி? காம்போடு. நம் கைக்குப் பழக்கம் அப்படி. காம்பில்லாத பூவைத் தொடுக்க முடியாதே, அதனால் எந்தப் பூவானாலும் காம்பை நெருங்கிக் கிள்ளிவிடுவோம். இந்தக் காம்பு கட்டை மாதிரி இருந்ததால் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டியிருக்கிறாள். பூ எப்போதோ உதிர்ந்துபோய்க் காம்பு மட்டும் நின்ற இடங்களையும் விடவில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்று.

மறுநாள் ஒரு காற்று அடித்தது. பெரிய காற்று இல்லை. கொடி மொத்தமும் கம்பியிலிருந்து சரசரவென்று வழுக்கி, துவைக்கிற கல்மேல் குவியலாக விழுந்தது.

தம்பி பெண்டாட்டி முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணி, சத்தியமா நான் கொடியைத் தொடலை. பூவைத்தான் பறிச்சேன். கொடி எப்படி விழுந்துச்சுன்னு தெரியலை."

மூக்கி திட்டுவாள் என்று நான் இந்தப் பக்கம் காத்திருந்தேன். அவள் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கிளையாகத் தூக்கிப் பார்த்தாள். வெட்டுப்பட்ட இடங்களை விரலால் தடவினாள். கூரையோரம் ஒரே ஒரு கிளை மட்டும் கம்பியை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். அங்கே தம்பி பெண்டாட்டியின் கை எட்டவில்லை. ஒரு பழைய காம்பு தப்பியிருந்தது. கொக்கி மாதிரி வளைந்து, கம்பியைச் சுற்றி இறுகி, மரம் மாதிரி கெட்டியாகிவிட்டிருந்தது. மேலே நின்றபடியே கூவினாள்:

"அக்கா! இதைப் பாரேன்! பூ விடுற காம்புதான் இதுக்குக் கை! பூ வர்றதுக்கு முன்னாலயே காம்பு வளைஞ்சு பிடிச்சுக்கிட்டுத்தான் மேலே ஏறியிருக்கு. இத்தனை நாள் தண்ணி ஊத்தினேன், இது எப்படி ஏறுதுன்னு நான் பார்க்கவே இல்லையே!"

அவள் கோபப்படவே இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். தம்பி பெண்டாட்டி அழுதுகொண்டே, "திரும்பப் பூக்குமா அண்ணி?" என்றாள்.

"பூக்கும்டி. வெட்டிவிட்டா புதுக்கிளை வரும். அடுத்த வருஷமோ, அதுக்கு அடுத்ததோ." சொல்லிவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் இருந்த ஆச்சரியம் மெல்ல மெல்ல வடிந்ததைப் பார்த்தேன். பூ வரட்டும், வாசம் வரட்டும் என்று எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாள்! இன்னும் ஒரு தடவை முதலிலிருந்து உட்காரவேண்டும்.

"அக்கா, அதுவரைக்கும் என்னால காஜா எடுத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றாள்.

கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டாள். மிச்சத்தைத் தம்பியின் வெட்டுத்துணியால் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். "எப்பவும் ஈரம் இருக்கணும், காய விடாதே" என்று தம்பி பெண்டாட்டியிடம் ஒப்படைத்தாள். அந்தப் பெண் தலையை ஆட்டின ஆட்டலில் கழுத்து சுளுக்கியிருக்கும். சிலிண்டர்காரரிடம், உங்க அக்காகிட்ட நான் வரேன்னு சொல்லுங்க என்று சொல்லி அனுப்பினாள்.

தம்பி குதித்தான். மிஷினை நிறுத்திவிட்டுக் குதித்தான்.

"நாப்பது அம்பது பேர் சாப்பிடுற இடம்க்கா. ஒரு நாள் எண்ணெய் கெட்டிருந்தா? கேஸ் திறந்துகிடந்தா?"

"கேஸுக்கு சோப்பு இருக்கு. எண்ணெய்க்கு அவ இருக்கா."

"அவ மூக்கை நம்பி நீ சமைப்பியா?"

"என் மூக்கை நம்பித்தானேடா நூல்கண்டை மாம்பழம்னேன்."

அவன் சளைக்கவில்லை. "அவ ஒரு நாள் வரலைன்னா?"

"அவ வராத அன்னிக்கு நான் அடுப்பு பத்தவைக்கமாட்டேன். அவங்க ரொட்டி வாங்கித் தின்னட்டும்."

"நீ பண்றது சரியில்லை. நான் வாசல் வரைக்கும்கூட வரமாட்டேன், ஆமா" என்றான். தம்பிமார் பேசுகிற பேச்சு.

போகிற நாளில் வண்டி காலையிலேயே வந்துவிட்டது. பட்டப்பகல். தெருவே பார்த்தது, ஓடிப்போகிறவள் அப்படியா போவாள்? சிலிண்டர்காரர் ஓட்டும் இடத்தில், வெண்கலம் நடுவில், ஓரத்தில் மூக்கிக்கு இடம். மூக்கி ஒரு பெட்டியோடு முன்னறையில் நின்றாள். தம்பி மிஷினில் ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தான். ஊசி காலரை விட்டு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது, அவன் நிறுத்தவில்லை. தம்பி பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுகிறாள். நானும் நின்றேன்.

வாசலில் வண்டிக்குள்ளிருந்து வெண்கலம் கத்தினாள்: "ஏம்மா! யார் வீட்லயோ பால் அடிபிடிக்குது!"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு ஒரு வாசமும் வரவில்லை. தம்பி மிஷினை நிறுத்தி மூக்கை உயர்த்தினான். தம்பி பெண்டாட்டிதான் முதலில் வாயில் கையை வைத்தாள். "ஐயோ, குழந்தைக்குப் பால் வெச்சேன்!"

"கிளறாதே!" மூக்கியின் குரல் கேன்டீனில் கேட்ட குரல். "கரண்டியே போடாதே. இறக்கு. மேல் பாலை மட்டும் மெதுவா வேற பாத்திரத்துல சாய்ச்சுக்கோ. அடியைத் தொட்டா எல்லாம் போச்சு. குழந்தையை இப்படிக் குடுத்துட்டு ஓடு!"

அவள் குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பாத்திரம் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து, "இப்போதான் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு அண்ணி. மேல நல்லா இருக்கு. குடிச்சுப் பார்த்தேன், தீஞ்ச வாசமே இல்லை!" என்று குரல் வந்தது.

தம்பி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான். அதற்குள் இருந்தவளைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். எழுந்து வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான். மூக்கி செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் அப்புறம் வரேன்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவனுக்கு முன்னால் படியிறங்கிப் போனாள்.